யாரிடம் சொல்வாள்?

பெண் விஷயத்தில் தமிழ்க் கதை துணிந்துவிட்டது என்று ஒரு பேச்சு நம்மிடையே வெகுநாளாக இருந்துவருகிறது. துணிந்தது உண்மைதான். எந்த மாதிரித் துணிவு என்று மட்டும் கொஞ்சம் கேட்டுப் பார்க்கவேண்டும். ஒரு பெண் வழுவினாளா, வழுவவில்லையா. வழுவியவளை வீட்டில் சேர்க்கலாமா, கூடாதா என்ற வழக்கைத்தான் நம் நாவலாசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக நடத்தி வந்திருக்கிறார்கள். பழையவர்கள் தண்டித்தார்கள். புதியவர்கள் மன்னித்தார்கள். நீதிபதியின் நாற்காலியை விட்டு இறங்கியவர்கள் மிகச் சிலர்.

நான் கேட்க விரும்புவது வேறு. கதையில் வரும் இளம்பெண் தன் உடம்பைப் பற்றியோ மனசைப் பற்றியோ ஒரு விஷயம் சொல்லவேண்டுமென்றால், யாரிடம் சொல்கிறாள்? கேட்டவர் என்ன செய்கிறார்? இந்த இரண்டையும் வைத்து நாவல்களைப் புரட்டினால், துணிவு என்று நாம் கொண்டாடியவற்றில் சில சற்று நிறம் மங்கித் தெரியும். பேசாமல் கடந்துபோன சில பிரகாசமாகத் தெரியும்.

நான் படிப்பதும் எழுதுவதும் சின்னாளப்பட்டியில். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகிற வழியில், சிறுமலையைப் பார்த்தபடி இருக்கிற தறி ஊர் இது. சுங்குடிச் சேலைக்கும் பட்டுப் போல் மின்னும் செயற்கைப் பட்டுக்கும் பேர்போனது. தறியில் உட்காருகிறவன் பேரில் நெசவு நடந்தாலும், தார் சுற்றிக் கொடுக்கிற பெண்ணின் கை படாத முழம் கிடையாது. அந்தப் பெண்கள் ஓயாமல் பேசிக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். கூலி, விலைவாசி, மாமியார், சினிமா, அடுத்த தெருக் கல்யாணம் எல்லாம் பேச்சில் அடிபடும். கல்யாணமாகாத பெண் ஒருத்தி தன் ஆசையைப் பற்றி வாயைத் திறந்தால் மட்டும் தெருவே சட்டென்று காதைத் தீட்டிக்கொள்ளும். ஆகவே அவள் திறப்பதில்லை. இந்த மௌனம் தமிழ் நாவலுக்குள் எப்படி வந்தது என்று பார்ப்பது எனக்கு ஊர் விஷயமாகவும் இலக்கிய விஷயமாகவும் ஒருங்கே படுகிறது.

எங்கள் ஜில்லாவுக்கே ஒரு பூர்வீகப் பாத்தியதை உண்டு. வத்தலக்குண்டில் பிறந்த ராஜமய்யர் 1893-ல் ‘விவேக சிந்தாமணி’யில் எழுதத் தொடங்கியதுதான் ‘கமலாம்பாள் சரித்திரம்’. அதில் குளத்தங்கரையிலும் திண்ணையிலும் கூடுகிற பெண்களின் கூட்டத்துக்கு அவர் ‘வம்பர் மகாசபை’ என்று பெயர் வைத்தார். வாய்விட்டுச் சிரிக்க வைக்கிற பெயர். ஆனால் அந்தச் சபையின் அதிகாரம் சிரிப்புக்கு உரியதல்ல. கமலாம்பாள் மேல் கிளம்பிய அவதூறு ஒரு குடும்பத்தையே கலைத்துவிடுகிறது. அவளைப் பற்றி ஊரே பேசுகிறது. அவள் பேச இடமில்லை. அவள் சொல்வதைக் கேட்க ஒரு காது இருந்திருந்தால் நாவல் பாதியிலேயே சுபமாக முடிந்திருக்கும். தமிழின் முதல் நல்ல நாவல்களில் ஒன்று, பெண்ணைப் பற்றிப் பேசுகிற பேச்சு எவ்வளவு, பெண் பேசுகிற பேச்சு எவ்வளவு என்ற கணக்கை இப்படித் தன்னையறியாமலே எழுதி வைத்துவிட்டது.

அதற்கு எழுபது வருஷம் கழித்து, 1966-ல், ‘ஆனந்த விகட’னில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வந்தது. கதை வாசகர்களுக்கு மனப்பாடம். மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பெண், கார், பணக்கார இளைஞன், நடக்கக்கூடாதது நடந்து, வாயில் சூயிங்கத்தோடு வீடு வந்து, தாயிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். விதவைத் தாய் முதலில் அலறுகிறாள், அடிக்கிறாள். பிறகு தன்னை அடக்கிக்கொண்டு, அக்கம்பக்கத்தாருக்கு ஏதோ ஒரு சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். பத்திரிகையில் புயல் கிளம்பியது. கதையின் முடிவை மாற்றி எதிர்க்கதைகளும் எழுதினார்கள். அவ்வளவு பேர் கோபித்துக்கொண்டதே கதையின் பலத்துக்குச் சாட்சி.

அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்திய நிமிஷம். தாய் குரலைத் தணித்துக்கொள்கிறாளே, அதுதான் கதை. வம்பர் மகாசபை வாசலில் கூடத் தொடங்கிவிட்டது. அவள் அதன் முகத்தில் கதவைச் சாத்துகிறாள். கமலாம்பாளுக்குக் கிடைக்காத காது இந்தப் பெயரில்லாத பெண்ணுக்குக் கிடைக்கிறது. தமிழ்க் கதையில் இது பெரிய சம்பவம் என்றே நினைக்கிறேன்.

கதையை எழுதியவரே பிறகு இன்னொரு பாதையைப் போட்டுப் பார்த்தார். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் தாய் குரலைத் தணிக்கவில்லை. கூச்சலில் ஊர் கூடிவிடுகிறது. அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். ஆதரித்துப் படிக்கவைத்த மாமாவின் கண்ணே கங்கா மேல் தவறாக விழுகிறது. படித்து, உத்தியோகம் பார்த்து, சொந்தச் சம்பாத்தியத்தில் நிற்கிற ஒருத்தி, ஒரு மழைநாளின் நிழலிலேயே ஆயுளைக் கழிக்கிறாள். சிறுகதைக்கும் நாவலுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் தாயின் தொண்டையில்தான் இருக்கிறது. 1972-ல் சாகித்ய அகாதமி இந்த நாவலுக்குப் பரிசு கொடுத்தது. 1977-ல் சினிமாவும் ஆயிற்று. இரண்டுக்கும் தகுதி உள்ள படைப்புத்தான்.

ஆனாலும் ஒரு குறை எனக்கு உறுத்துகிறது. மன்னிப்பு எளிதாக இருக்கவேண்டும் என்பதற்காக அந்தப் பெண்ணைச் சிறுகதை குழந்தையாக்கி வைத்திருக்கிறது. விவரம் தெரியாதவள், மிரண்டவள், என்ன நடக்கிறது என்றே புரியாதவள். ஆகவே தண்ணீர் அவள் தலையில் நிற்கிறது. அவளுக்குள் ஒரு கணமேனும் ஆசை இருந்திருந்தால்? காரில் ஏறும்போதே மனசு துள்ளியிருந்தால்? அப்போது தாய் எந்தத் தண்ணீரைக் கொட்டுவாள்? புண்பட்ட பெண்ணுக்குத் தமிழ்க் கதை ஒரு காதைத் தேடிக் கொடுத்தது. ஆசைப்பட்ட பெண்ணுக்குக் கொடுக்க அதற்கு அப்போது மனம் வரவில்லை.

தாயின் காது எவ்வளவு நம்பத்தகாதது என்பதைப் பெண் ஒருத்தி எழுதியபோதுதான் தெரிந்தது. அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ 1971-ல் ‘கசடதபற’வில் வந்த கதை. கறுப்பு நிறத்துச் சிறுமி, அம்மா ஊரில் இல்லாத சமயத்தில் பெரியவளாகிறாள். சுற்றியிருப்பவர்கள் ஏதேதோ பேசிப் பயமுறுத்துகிறார்கள். அம்மா வந்தால் எல்லாவற்றுக்கும் அழகான அர்த்தம் சொல்லிவிடுவாள் என்று காத்திருக்கிறாள். உறவுப் பெண் ஒருத்தி நிறத்துக்காகத் தட்டிக் கழிக்கப்பட்ட வருத்தத்தோடு அம்மா திரும்பி வருகிறாள். வந்தவள் வாயிலிருந்து வருவது சலிப்பு ஒன்றுதான். அந்தச் சலிப்பைத்தான் கதை கொலை என்கிறது. இங்கே கார் இல்லை, அயோக்கியன் இல்லை, நடக்கக்கூடாதது எதுவும் நடக்கவில்லை. ஓர் உடம்பு வளர்ந்ததற்கு வீட்டில் யாரும் சந்தோஷப்படவில்லை, அவ்வளவுதான். நம் வீடுகளில் அன்றாடம் நடக்கிற விஷயத்தை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன கதை தமிழில் அதிகம் இல்லை.

வீட்டில் காது கிடைக்காத பெண் காகிதத்தைத் தேடுவது நமக்கு மட்டும் உரியதல்ல. சீனத்தில் 1928-ல் டிங் லிங் என்ற இளம் எழுத்தாளர் ‘ஸோஃபியின் நாட்குறிப்பு’ என்ற கதையை வெளியிட்டார். பெய்ஜிங்கில் வாடகை அறையில் தனியே இருக்கும் காசநோய்க்காரி அவள், இருபது வயது. சாதுவான ஒருவன் அவளைச் சுற்றி அழுகிறான். அவனை அவளுக்குப் பிடிக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த அழகன் ஒருவன் உள்ளே வெறும் சரக்கு என்பதைக் கண்டுகொள்கிறாள். கண்டும் அவன் உதட்டின் மேல் ஆசை போகவில்லை. அந்த ஆசையையும் அதன் மேலுள்ள வெறுப்பையும் ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்கிறாள். அவளை யாரும் கெடுக்கவில்லை. யாரும் மன்னிக்கவும் இல்லை. கங்காவுக்கும் ஸோஃபிக்கும் வித்தியாசம் இதுதான்: கங்காவின் கதை ஒருவன் அவளுக்குச் செய்ததிலிருந்து தொடங்குகிறது, ஸோஃபியின் கதை அவள் விரும்பியதிலிருந்து தொடங்குகிறது. ஆனால் அவளுக்குக் கிடைத்த காது ஒரு நோட்டுப் புத்தகம்தான் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

டிங் லிங் பிறகு புரட்சியில் சேர்ந்தார். 1942-ல், மகளிர் தினத்தை ஒட்டி, புரட்சி முகாமிலேயே பெண்ணுக்கு ஒரு நியாயம், ஆணுக்கு ஒரு நியாயமா என்று எழுதினார். கல்யாணம் செய்துகொண்டால் ஏச்சு, செய்துகொள்ளாவிட்டாலும் ஏச்சு என்பது அதன் சாரம். தோழர்கள் கேட்க விரும்பவில்லை. 1957-ல் வலதுசாரி என்று முத்திரை குத்தப்பட்டு வடகிழக்குப் பிராந்தியத்துக்கு அனுப்பப்பட்டார்; சிறையும் கண்டார். அவருடைய பேத்திகளின் தலைமுறைக்கும் இடம் தாராளமாகிவிடவில்லை. 2015 மார்ச்சில், பஸ்ஸில் பெண்களைச் சீண்டுவதற்கு எதிராகச் சீட்டு ஒட்டத் திட்டமிட்ட ஐந்து இளம்பெண்களைப் பிடித்து 37 நாள் அடைத்துவைத்தார்கள். 2018-ல் தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லவந்த பெண்கள் ‘அரிசி முயல்’ என்று எழுதிக்கொண்டார்கள். சீன மொழியில் அந்த இரண்டு சொற்களையும் உச்சரித்தால் ‘மீ டூ’ என்று ஒலிக்கும். தணிக்கைக்காரன் கண்ணில் படாது. சிரிக்கலாம். ஆனால் குடும்பத்தோடு சர்க்காரும் சேர்ந்து வம்பர் மகாசபை நடத்தினால் பெண் எப்படியெல்லாம் பேசவேண்டியிருக்கிறது, பாருங்கள்.

டிங் லிங் பிறந்த அதே 1904-ல் பிறந்த இன்னொரு பெண்ணுக்கும் எங்கள் ஊருக்கும் சம்பந்தம் உண்டு. டாக்டர் சௌந்தரம், டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். இளம் வயதிலேயே விதவையானவர். பிறகு டில்லியில் வைத்தியம் படித்தார். 1940-ல், காந்தியின் ஆசியோடு, சாதி வேறான, மலையாளியான ஜி. ராமச்சந்திரனை மணந்தார். 1947-ல் இருவரும் சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தார்கள். அங்கே எழுந்த கஸ்தூரிபா ஆஸ்பத்திரி சுற்றுவட்டாரத்துப் பெண்களுக்குப் பிரசவத்துக்குப் போகிற இடமாயிற்று. ஒரு விதவையின் மறுமணத்தை நாவலில் நடத்திவைக்க நம் எழுத்தாளர்கள் கைநடுங்கிக்கொண்டிருந்த நாளில், நடத்திக்கொண்டே விட்டார் அந்த அம்மாள். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இது: தன் உடம்பில் இன்ன உபாதை என்று வெட்கப்படாமல் சொல்ல இந்தப் பக்கத்துப் பெண்ணுக்கு வீட்டுக்கு வெளியே ஒரு பெண்ணின் காது கிடைத்தது. உபாதையைச் சொல்லலாம், ஆசையைச் சொல்ல முடியாதுதான். இருந்தாலும் முதல் கதவு முதல் கதவுதானே.

சொல்வதற்குக் காது இருந்தால் போதுமா, கையில் காசு வேண்டாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. லூ ஷுன் 1923-ல் பெய்ஜிங்கில் பெண்கள் கல்லூரி ஒன்றில் பேசும்போது இதைத்தான் கேட்டார். இப்சன் நாடகத்து நோரா கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறுகிறாளே, வெளியேறிய பிறகு என்ன ஆனாள்? கையில் பணம் இல்லாவிட்டால் கெட்டுப்போவாள், அல்லது திரும்பி வருவாள் என்றார். நியாயமான பேச்சு. ஆனால் திண்டுக்கல் சீமையைப் பார்த்தவனுக்கு அதற்கு மேலும் ஒரு வார்த்தை சேர்க்கத் தோன்றும்.

இந்தச் சமவெளியில் நூற்பாலைகள் பெருகிய காலத்தில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று பரவியிருந்தது. ஏழை வீட்டுப் பெண் 3 வருஷம் மில் விடுதியில் தங்கி வேலை செய்யவேண்டும். முடிவில் ஒரு மொத்தத் தொகை கிடைக்கும். அது கல்யாணச் செலவுக்கு. வரதட்சணையைச் சட்டம் 1961-லேயே தடை செய்துவிட்டது. ஆயினும் பெண் தன் வரதட்சணையைத் தானே நூற்று எடுக்கிறாள். சம்பாத்தியம் அவளுடையது, பணம் அவளுடையதல்ல. படுக்க இடம் இருக்கிறது, வாசலில் பூட்டும் இருக்கிறது. இடையில் நோயாய்ப் படுத்தோ சண்டை போட்டோ வெளியே வந்தால் தொகை போய்விடும் என்ற பயம். நோராவுக்குச் சம்பளம் கொடுத்தே அவளைப் பொம்மை வீட்டுக்குள் வைத்திருக்கலாம் என்பதை லூ ஷுன் கண்டதில்லை. திட்டத்தின் பெயரையும் கவனிக்கவேண்டும். மில்லில் நூற்கிற பெண் தொழிலாளி அல்ல, வருங்காலச் சுமங்கலி என்பதைப் பெயரே தீர்மானித்துவிடுகிறது.

2021 ஜனவரியில் இதே ஜில்லாவில், ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இருபது வயதுத் தலித் பெண் ஒருத்தி கொலையுண்டாள். அதன்பின் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில், துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியையும் கட்டுப்படுத்துகிற மாதிரி உடன்படிக்கைகள் ஏற்பட்டன. உலகம் அதை ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்று அழைத்தது. வேலைத்தளத்தில் மேஸ்திரி கெட்ட வார்த்தை சொன்னாலோ கை வைத்தாலோ எழுதி வாங்கி மேலே கொண்டுபோகத் தொழிலாளிப் பெண்களையே அங்கங்கே பயிற்றி நிறுத்தினார்கள். இலக்கியக் கட்டுரையில் தொழிற்சங்க உடன்படிக்கைக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். ‘அக்கினிப் பிரவேச’த்தை நினைத்துக்கொண்டு அதைப் பாருங்கள். மழையில் வந்த பெண் தாயிடம் சொன்னாள். தாய் தண்ணீர் கொட்டினாள். கார்க்காரனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. திண்டுக்கல்லில் ஒருத்தி பக்கத்து மிஷினில் இருப்பவளிடம் சொல்கிறாள், அவள் எழுதிக்கொள்கிறாள், கேள்வி மேஸ்திரியிடம் போகிறது. தலையில் தண்ணீர் விடவேண்டிய அவசியமே எழவில்லை. நான் படித்த கதைகளைவிட அந்தக் காகிதம் இந்த ஒரு விஷயத்தில் முன்னேறியிருக்கிறது.

இவ்வளவும் புண்பட்ட பெண்ணின் பேச்சு. ஆசையின் பேச்சு என்ன ஆயிற்று? 1975-ல் தி. ஜானகிராமன் ‘மரப்பசு’ எழுதினார். அம்மணி யாரையும் தொடத் தயங்காதவள். கல்யாணம் வேண்டாம் என்பவள். தன் கதையைத் தானே சொல்கிறாள். அந்த மொழியின் அழகில் நான் பலமுறை மயங்கியிருக்கிறேன். ஆனால் அவள் சுதந்தரத்தில் ஏதோ ஓர் ஆணின் கனவு வாசனை அடிக்கிறது. ஆணிடம் அம்மணி நிறையப் பேசுகிறாள். தன் வயதுப் பெண்கள் நாலு பேரோடு உட்கார்ந்து அவள் இப்படிப் பேசியிருந்தால் அவர்கள் என்ன பதில் சொல்லியிருப்பார்கள் என்று ஆசிரியர் யோசித்ததாகத் தெரியவில்லை. அந்தப் பதில் இல்லாததால்தான் அம்மணி தரையில் கால் பாவாமல் நடக்கிறாள்.

அந்தப் பதில் 2004-ல் வந்தது. துவரங்குறிச்சி சல்மா எழுதிய ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’. வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள் இருந்து ரகசியமாக எழுதப் பழகியவர் அவர். நாவல் முழுவதும் பெண்கள் தமக்குள் பேசிக்கொள்கிறார்கள். சமையலறையில், கல்யாண வீட்டில், ராத்திரி மொட்டைமாடியில். கேலியும் ஆபாசமும் துக்கமும் கலந்த பேச்சு. புருஷனைப் பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லித் தாய்வீடு திரும்பிய ஃபிர்தவ்ஸும் அதில் இருக்கிறாள். அவளுடைய ஆசைக்கு நேரும் கதி கொடியது. வம்பர் மகாசபையையும் தோழிகள் கூட்டத்தையும் ஒரே அறையில், ஒரே பெண்களைக் கொண்டு காட்டியதுதான் சல்மாவின் சாதனை. இன்று உன் கதையைக் கேட்டுக் கண்ணீர் விட்டவளே நாளை உன்னைக் காட்டிக் கொடுப்பாள். கட்டுமானத்தில் இந்த நாவல் தளர்ந்தது, பாத்திரங்கள் அதிகம், சில இடங்களில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. இருந்தும், பெண் பேச்சைக் கேட்கிற காது எது என்ற என் கேள்விக்கு இதைவிட நேர்மையான பதிலைத் தமிழ் நாவலில் நான் பார்க்கவில்லை.

ஆசையைப் பற்றி எழுதுவது நடுத்தர வர்க்கத்தின் மாலைநேரப் பொழுதுபோக்கு என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் பழனியைச் சொல்வேன். எங்கள் ஜில்லாவில் பழனியைச் சேர்ந்த கௌசல்யா, தலித்தான சங்கரைத் தானே விரும்பி மணந்தார். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைக் கடைத்தெருவில், பட்டப்பகலில், இருவரையும் வெட்டினார்கள். சங்கர் இறந்தார். கௌசல்யா பிழைத்து, கோர்ட்டில் பெற்றோருக்கு எதிராகவே சாட்சி சொன்னார். 2017-ல் கீழ்க்கோர்ட் தந்தைக்கும் வேறு சிலருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 2020-ல் ஹைகோர்ட் தந்தையை விடுதலை செய்து, மற்றவர்களின் தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. சட்டத்தின் தீர்ப்பு சட்டத்தோடு. எழுத்தாளன் கவனிக்கவேண்டியது அந்தப் பெண் நின்ற கூண்டை. எனக்கு இவனைப் பிடித்தது, நான் இவனை விரும்பினேன் என்ற எளிய வாக்கியத்தைச் சொல்ல, இந்த ஊரில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த இடம் சாட்சிக் கூண்டு. அந்த வாக்கியத்தை அவள் அச்சமில்லாமல் சொல்ல வேறு இடம் இருந்ததில்லையா?

இருக்கவேண்டிய இடங்களில் நாவலும் ஒன்று என்பது என் அபிப்பிராயம். பெண்ணை உத்தமி என்று நிரூபிப்பதும் வேண்டாம், புரட்சிக்காரி என்று தூக்கிப் பிடிப்பதும் வேண்டாம். மில் விடுதியில் வரிசைக் கட்டிலில் படுத்திருக்கிற இரண்டு பெண்கள் விளக்கணைத்த பிறகு என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஒருவர் பொறுமையாகக் கேட்டு எழுதினால் போதும். கூலி, பூட்டு, மேஸ்திரி எல்லாம் அதில் வரட்டும். அவற்றோடு, கான்டீனில் பார்த்துச் சிரித்தவனும் வரட்டும். அவன் சாதியைக் கேட்கப் பயந்த பயமும் வரட்டும். வாசல் பூட்டைத் தாண்டி ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் பஸ் ஏறிப் போன சந்தோஷமும் வரட்டும். அதை எழுதப்போகிறவள் அந்தக் கட்டில்களில் ஒன்றில் படுத்திருப்பவளாகவே இருக்கலாம் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அதுவரை நாம், நாவல் எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும், தீர்ப்புச் சொல்லாமல் கேட்டுப் பழகிக்கொள்வது நல்லது.